ஒரே ஆளுக்குள் பல ஆளுமைகள் இருப்பது நிஜமான நோயா, நடிப்பா?

நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பன்முக ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது, 1994இல் விலகல் அடையாளக் கோளாறு எனப் பெயர் மாறியது. சினிமாபோல் குரல் மாறி மிரட்டுவதெல்லாம் அபூர்வம். பெரும்பாலும் வெளியே தெரியாது: நேற்று நடந்தது நினைவில் இருக்காது, தான் செய்ததே வேறு யாரோ செய்ததுபோல் தோன்றும்.

சர்ச்சை காரணத்தைப் பற்றித்தான். சிறுவயதில் தொடர்ந்து பட்ட கொடுமையைத் தாங்க மனம் இப்படிப் பிரிகிறது என்கிறது ஒரு தரப்பு. சிகிச்சையாளரின் தூண்டுதலும் ஊடகக் கதைகளும் உருவாக்குவது என்கிறது மறுதரப்பு. 1980களில் ஹிப்னாடிசத்தால் நினைவுகளைத் தோண்டிய அமெரிக்காவில் இந்த நோயாளிகள் திடீரென்று பெருகியதை அவர்கள் சுட்டுகிறார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் காரணம் எதுவானாலும் வேதனை நிஜம். இவர்களிடையே தற்கொலை முயற்சிகள் மிக அதிகம், அதனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.