விளிம்பில் மாறும் ஆட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் வசிக்கிறேன். கோடையில் ஒரு வார இறுதியில் சிகாகோவின் இரண்டு பேஸ்பால் அரங்கங்களையும் மில்வாக்கியின் அரங்கத்தையும் காரில் சென்று பார்த்துவர அலுவலக நண்பர்கள் திட்டமிட்டிருக்கிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள். எந்த அணி வெல்கிறது என்பதைவிட அரங்கங்களைப் பார்ப்பதே அவர்களுக்கு முக்கியமாம். நான் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழுவதால் ஊருக்கு ஊர் ஆடுகளம் மாறுகிறது, அதனால் ஆட்டமும் மாறுகிறது. பேஸ்பாலிலோ பந்து தரையைத் தொடாமலே மட்டையாளரிடம் வந்துவிடுகிறது. அப்படியிருக்க, மைதானம் மாறினால் என்ன மாறிவிடும்? ஒரே ஆட்டத்தை மூன்று வெவ்வேறு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்ப்பதற்காகவா இவ்வளவு தூரம்? நீங்கள் பேஸ்பால் பற்றி அவ்வப்போது எழுதுவதால் கேட்கிறேன்.

எஸ்., நேப்பர்வில்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. கிரிக்கெட் மைதானங்கள் நடுவில் வேறுபடுகின்றன. பேஸ்பால் மைதானங்கள் விளிம்பில் வேறுபடுகின்றன. நீங்கள் பழக்கத்தால் நடுவைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்கிறீர்கள்.

நடுவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரியே. ஓடுபவர் தொட வேண்டிய நான்கு பேஸ்களும் ஒரு சதுரத்தின் மூலைகள்; ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி, பந்தெறிபவர் நிற்கும் பலகையிலிருந்து மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம் என்ற அளவுகள் எந்த ஊரிலும் மாறுவதில்லை. ஆனால் அந்தச் சதுரத்தைத் தாண்டியபின் சுவர் ஹோம் பிளேட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்பதையெல்லாம் பழைய அரங்கங்களில் விதிப்புத்தகம் தீர்மானிக்கவில்லை. பக்கத்துத் தெருவும் மனை வாங்கக் கிடைத்த நிலமும்தான் தீர்மானித்தன. 1958ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குப் பின் கட்டப்படும் அரங்கங்களுக்கு ஓரங்களில் 325 அடி, நடுவில் 400 அடி என்று குறைந்தபட்ச அளவுகளை வகுத்தார்கள். பின்னர் அவற்றுக்கும் விலக்கு அளித்தார்கள்.

கிரிக்கெட்டிலும் எல்லைக்கோடு முன்பின் போகுமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே பந்து கயிற்றைத் தொட்டதும் அதன் கதை முடிந்துவிடுகிறது. இங்கே சுவரில் மோதித் திரும்பும் பந்து ஆட்டத்திலேயே இருக்கிறது. தடுப்பாளர் அதைத் துரத்துகிறார், ஓடுபவர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். 1912இல் திறக்கப்பட்ட பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது ஓரச் சுவர் 310 அடி தூரத்திலேயே இருக்கிறது. பின்னால் தெரு இருந்ததால் அதற்குமேல் போக இடமில்லை. அதற்கு ஈடாக 37 அடி உயரச் சுவர் எழுந்தது. வேறு ஊரில் எளிதான பிடியாக முடிந்திருக்கும் உயரப் பந்து அங்கே சுவரில் மோதி இரண்டு பேஸ்களைப் பெற்றுத் தருகிறது. வேறு ஊரில் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகியிருக்கும் தாழ்வான விசையடியும் அதே சுவரில் மோதி அதே இரண்டு பேஸ்களோடு நின்றுவிடுகிறது.

இனி உங்கள் பயணத்துக்கு வருகிறேன். சிகாகோவின் வட பகுதியில் இருக்கும் ரிக்லி ஃபீல்டு 1914இல் கட்டப்பட்டது. 1916 முதல் கப்ஸ் அணி அங்கே ஆடுகிறது. சுவருக்கு வெளியே வேவ்லண்ட், ஷெஃபீல்டு என்ற இரு தெருக்கள். எதிர்வரிசை வீடுகளின் மொட்டைமாடிகளில் இருக்கை போட்டு அங்கிருந்தே ஆட்டம் பார்க்கிறார்கள். அந்தக் குடியிருப்பின் பிடி அரங்கத்தின்மீது எவ்வளவு என்பதற்கு விளக்குகளின் கதை ஒன்றே போதும். 1941இல் விளக்குகளுக்கான பொருட்களை வாங்கி வைத்திருந்தும், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் உரிமையாளர் அவற்றைப் போர்த் தேவைக்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் இரவு ஆட்டமே இல்லை. பிற அணிகள் எல்லாம் விளக்கொளிக்கு மாறிய பிறகும், அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பையும் சட்டத் தடைகளையும் தாண்டி, 1988 ஆகஸ்டு 8ஆம் தேதிதான் அங்கே முதல் இரவு ஆட்டம் தொடங்கியது. அதுவும் ஒன்பது இன்னிங்ஸில் நான்காவது முடிவதற்குள் மழையில் நின்றுபோக, மறுநாள் ஆட்டமே ஏடுகளில் முதலாவதாகப் பதிவாயிற்று.

பேஸ் சதுரத்துக்கு அப்பால் விரியும் அவுட்ஃபீல்டின் செங்கல் சுவரை மூடியிருக்கும் ஐவிக் கொடி 1937இல் நடப்பட்டது. ஏப்ரலில் அது வெறும் குச்சி. கோடையில் நல்ல பச்சை. பந்து இலைகளுக்குள் சிக்கிக்கொண்டால் தடுப்பாளர் இரு கைகளையும் உயர்த்த வேண்டும். நடுவர் மட்டையாளருக்கு இரண்டு பேஸ்கள் கொடுத்து ஆட்டத்தை நிறுத்துவார். பந்தைத் தேடித் தடுப்பாளர் இலைக்குள் கையை நுழைத்தாரென்றால் ஓட்டம் தொடரும். பந்து கண்ணில் பட்டாலும் கையைத் தூக்கிவிடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு என்பதே என் சந்தேகம். உங்கள் சேப்பாக்கத்து ஆடுகளத்தின் வேலையை இங்கே காற்று செய்கிறது. ஏரிப்பக்கமிருந்து உள்நோக்கி வீசும் நாளில் ஹோம் ரன்னாகப் புறப்பட்ட பந்து சுவருக்கு முன்பே விழுந்துவிடும்; வெளிநோக்கி வீசும் நாளில் சாதாரண உயரப் பந்துகூடத் தெருவுக்குப் போய்விடும். 1979 மே 17 அன்று அப்படி வெளிநோக்கி வீசிய காற்றில் பிலடெல்ஃபியா அணி 23க்கு 22 என்ற கணக்கில் பத்து இன்னிங்ஸ் ஆடி கப்ஸை வென்றது. உள்ளே நுழைந்ததும் காற்றின் திசையறிய முதலில் கொடிக்கம்பங்களைப் பாருங்கள்.

அந்த ஐவிக் கொடியை நடவைத்தவர் பில் வெக், கப்ஸ் தலைவராக இருந்தவரின் மகன். 1941இல் மில்வாக்கிக்குச் சென்று அன்றைய இரண்டாம் நிலை லீக் அணி ஒன்றை வாங்கினார். பின்னாளில் சிகாகோவின் தென் பகுதி அணியான வைட் சாக்ஸுக்கு இருமுறை உரிமையாளரானார். ஆக, நீங்கள் போகும் மூன்று இடங்களுக்கும் பொதுவான மனிதர் ஒருவர் உண்டு.

மில்வாக்கி 90 மைல் வடக்கே இருக்கிறது. 2001இல் திறக்கப்பட்ட அதன் அரங்கத்துக்கு விசிறிபோல விரிந்து மடங்கும் கூரை இருக்கிறது. விஸ்கான்சின் வசந்தம் குளிரானது. நெடுந்தூரம் காரோட்டி வரும் குடும்பத்தை மழையைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது என்பதே அந்தக் கூரையின் நியாயம். அதற்கான விலையும் பெரியது. 1999 ஜூலை 14 அன்று கூரைப் பகுதியைத் தூக்கிய ராட்சத கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளியே அவர்களுக்கு நினைவுச் சிலை நிற்கிறது. கூரை மூடிய நாளில் அங்கே ஆட்டம் சற்று உயிரற்றுப் போகிறது என்பது என் கருத்து. ரிக்லியைத் தெருக்கள் சூழ்ந்திருப்பதற்கு நேர்மாறாக இங்கே சூழ்ந்திருப்பது கார் நிறுத்துமிடம். ஆட்டத்துக்கு வெகு முன்பே வந்து அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவது ஊர் வழக்கம். அந்தப் பரப்பில்தான் முந்தைய அரங்கமான கவுன்ட்டி ஸ்டேடியம் இருந்தது. புகழ்பெற்ற மட்டையாளர் ஹேங்க் ஆரன் 1954இல் முதல்நிலையான மேஜர் லீக்கில் தன் வாழ்க்கையை மில்வாக்கி அணியில் தொடங்கி, அட்லாண்டா போய்த் திரும்பிவந்து, 1976 ஜூலை 20 அன்று தன் 755ஆவது, அதாவது கடைசி ஹோம் ரன்னைக் கவுன்ட்டி ஸ்டேடியத்திலேயே அடித்தார். பந்து விழுந்த இடத்தில் ஒரு பட்டயம் பதித்திருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடியுங்கள்.

மூன்றாவதை, இப்போது ரேட் ஃபீல்டு எனப்படும் வைட் சாக்ஸ் அரங்கத்தை, உங்கள் நண்பர்கள் தவிர்க்க நினைக்கலாம், அனுமதிக்காதீர்கள். அழகில்லாத அரங்கம்தான், ஆனால் அந்த அழகின்மைக்கு ஒரு வரலாறு உண்டு. அணியை ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று உரிமையாளர்கள் மிரட்ட, 1988 ஜூன் 30 நள்ளிரவுக் கெடுவைத் தாண்டாமலிருக்கக் கடிகாரத்தையே நிறுத்திவைத்து இல்லினாய் சட்டமன்றம் நிதி மசோதாவை நிறைவேற்றியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்புப் பகுதி இடிக்கப்பட்டு 1991இல் புதிய அரங்கம் எழுந்தது. மேல் அடுக்கு அத்தனை செங்குத்தாக இருந்ததால் பின்னர் உச்சி வரிசைகள் எட்டினை அகற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் திறக்கப்பட்டது. பழைய செங்கல் கிடங்கொன்றை அப்படியே வைத்துக்கொண்டு ஊருக்குள் பொருந்தி நின்ற அந்த அரங்கத்தைப் பார்த்த பின் எல்லா நகரங்களும் அதுபோலக் கேட்கத் தொடங்கின. சிகாகோவின் புதிய கட்டடம் ஒரே வருடத்தில் பழையதாகிவிட்டது. தெருவுக்கு எதிர்ப்புறம், 1910 முதல் 1990 வரை வைட் சாக்ஸ் ஆடிய பழைய காமிஸ்கி பார்க்கின் ஹோம் பிளேட் இருந்த இடம் கார் நிறுத்துமிடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஹோம் ரன் விழும்போது ஸ்கோர்போர்டில் சக்கரங்கள் சுழன்று வாணவெடி வெடிப்பது 1960இல் பில் வெக் தொடங்கிவைத்த வழக்கம்.

நடைமுறை பற்றிச் சில சொற்கள். சிகாகோவின் இரு அணிகளும் ஒரே வார இறுதியில் உள்ளூரில் ஆடுவது அரிது என்பதால் முதலில் அட்டவணையைப் பாருங்கள். அமையாவிட்டால் ஒன்றை வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிகாகோவுக்குள் கார் வேண்டாம். ரெட் லைன் ரயில் இரண்டு அரங்கங்களுக்கும் போகிறது. 2023இல் பந்தெறிய நேரவரம்பு கொண்டுவந்தபின் மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டங்கள் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் விலையுயர்ந்த இருக்கை வாங்காதீர்கள். அங்கிருந்து தெரிவது எல்லா ஊருக்கும் பொதுவான அந்த நடுப்பகுதிதான். சுவருக்கு மேலே, அவுட்ஃபீல்டு இருக்கைகளில் உட்காருங்கள். ரிக்லியில் எதிரணி அடித்த ஹோம் ரன் பந்து கைக்கு வந்தால் அதை உள்ளே திருப்பி எறிந்துவிட வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் கூச்சலிடுவார்கள். வைத்துக்கொள்ளும் எண்ணமிருந்தால் பையில் வேறொரு பழைய பந்தோடு போங்கள்; அனுபவசாலிகள் அதைத்தான் எறிகிறார்கள்.