சவாரோ கள்ளி: கேட்டீர்கள், சொல்கிறேன்

அரிசோனா பக்கம் குடியேறிய நம் ஆட்கள், மரம் மாதிரி கை விரித்து நிற்கும் சவாரோவைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

விதை போட்டு ஒரு வருடம் ஆகிறது அண்ணா, இன்னும் பட்டாணி அளவுதான் இருக்கிறது. உரம் போடலாமா?

வேண்டாம், அது சரியாகத்தான் வளர்கிறது. காட்டில் முதல் எட்டு வருடத்தில் 4 செ.மீ.கூட எட்டாது, பூக்க 35 வயதாவது ஆகும், முதல் கை கிளைக்க 50, 70 வருடம் போய்விடும். இந்த வயதில் அதற்கு வேண்டியது நிழல். காட்டில் குட்டிச் சவாரோ பிழைப்பதே பாலோ வெர்டி, மெஸ்கீட் மரங்களின் அடியில்தான். முழு வெயிலில் வைத்துவிடாதீர்கள்.

காற்றில் ஒரு கை ஒடிந்து விழுந்தது, நட்டால் வேர் விடுமா?

பெரும்பாலும் விடாது. சப்பாத்திக்கள்ளி வேறு, இது வேறு. சவாரோவுக்கு விதைதான் வழி.

பீனிக்ஸில் வாசலில் நாலடிச் செடி வாங்கி நட்டோம். தண்ணீர் எவ்வளவு?

முதலில் ஒன்று: நர்சரியில் தெற்கே பார்த்த பக்கம் எதுவென்று குறித்து வாங்கினீர்களா? அதே பக்கம் தெற்கே இருக்க வேண்டும், மாறினால் வெயில் பழகாத தோல் வெந்து வடு விழும். மழை இல்லாத கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள், குளிர்காலத்தில் நிறுத்திவிடுங்கள். தண்டை ஒட்டி ஊற்றாதீர்கள், வேர்கள் மேலாகவே நாலா பக்கமும் ஓடுகின்றன. வேர் பிடிக்காத செடிகூட உள்ளே சேர்த்த நீரை வைத்துச் சில வருடம் பச்சையாகவே நிற்கும், அதனால் பச்சையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தண்டில் ஓட்டை இருக்கிறது, அடைக்கணுமா?

அடைக்காதீர்கள்! மரங்கொத்தி போட்ட கூடு அது. செடியே உள்சுவரைக் காய்ப்புக் காய்த்து மூடிக்கொள்ளும், அப்புறம் குட்டி ஆந்தைகூட வந்து குடியிருக்கும். கறுப்பாக நாற்றத்தோடு ஒழுகினால் மட்டும் கவலைப்படுங்கள், அது அழுகல். கெட்ட சதையைச் சுத்தமான கத்தியால் நல்ல சதை வரை வெட்டி, காயத்தைத் திறந்தே காயவிடுங்கள்.

பாலைவனச் செடிதானே, 2023 கோடையில் ஏன் அத்தனை விழுந்தன?

அந்த வருடம் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. ஆனால் பகல் வெயிலைவிட இரவுதான் பிரச்சினை. சவாரோ தோலின் துளைகளை இரவில்தான் திறந்து காற்றை உள்ளே எடுக்கும். இரவும் கொதித்தால் மூச்சு விடவே வழியில்லை. கைகள் கழன்று விழுந்தன, சில முழுசாகவே சாய்ந்தன. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

காட்டில் சின்னதாக ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வரலாமா?

கூடவே கூடாது, சட்டப்படி குற்றம். சொந்த நிலத்திலிருந்து வெளியே கொண்டுபோகவே அனுமதிச் சீட்டு வேண்டும்.

இதைக் காப்பாற்ற எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்?

புல் பிடுங்குங்கள். நம் ஊர் மேய்ச்சல் கொழுக்கட்டைப் புல்தான் இங்கே வந்து சவாரோக்களுக்கு நடுவே புதர் புதராகப் பரவி, காய்ந்து, தீயைக் கொண்டுவருகிறது. சவாரோ தீயைத் தாங்காது. டூசான் பக்கம் தன்னார்வலர்கள் சேர்ந்து பிடுங்குகிறார்கள், போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது கடப்பாரையோடு போனால் வேரோடு வரும்.