காட்டுப் பாதையில் நாயோடு

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வசிக்கிறோம். எங்கள் 10 கிலோ நாயை ஞாயிறு காலையில் புக்கிட் காசிங் காட்டுக்கு அழைத்துப்போக ஆசை. வழியில் ஓடைத் தண்ணீரைக் குடிக்க விடலாமா? – வாசகி

பதில்: விடாதீர்கள், அம்மா. எலிச் சிறுநீர் கலந்த நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக் காய்ச்சல்) கிருமி இருக்கலாம். மழைக்குப் பிறகு ஆபத்து அதிகம். அதற்கான தடுப்பூசியை நாய்க்கு ஆண்டுதோறும் போட வேண்டும். தனியாக ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுபோய், 15 நிமிடத்துக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மொத்தமாகக் குடித்தால் வாந்தி எடுக்கலாம்.

தண்ணீரைவிடப் பெரிய கவலை வெப்பம். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சரியாக வேலை செய்யாது. 7 மணிக்கு ஏறி 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். நாக்கு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் நிழலில் படுக்கவைத்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

நாயைப் பிடிக்கும் வார் ஒன்றரை மீட்டர் போதும். நீளும் வார் மரவேரில் சிக்கும், குரங்கைக் கண்டு நாய் பாய்ந்தால் அதை இழுத்துப் பிடிக்கவும் முடியாது. குறுகிய பாதையில் எதிரே வருபவருக்கு, குறிப்பாக நாயைத் தொடாத முஸ்லிம் அன்பர்களுக்கு, ஒதுங்கி வழிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு வேண்டாம்.