வெந்நீர் ஊற்றும் கூச்சமும்

அன்புள்ள அக்கா,

ஜப்பானில் பெப்பு நகரத்துக்குப் படிக்க வந்திருக்கிறேன். உடன் படிக்கும் பெண்கள் ஆன்சென் என்னும் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு அடிக்கடி கூப்பிடுகிறார்கள். பலர் நடுவே துணியில்லாமல் குளிப்பதை நினைத்தாலே கூசுகிறது. ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். நீங்களும் இங்கே படித்தவர் என்பதால் கேட்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் இருப்பது ஜப்பானிலேயே அதிக வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர், இரண்டாயிரத்துக்கும் மேல். அங்கே படித்துவிட்டு விடுதிக் குளியலறையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

முதல் தடவை தனியாகப் போங்கள். தெரிந்தவர்கள் முன்னால்தான் கூச்சம் அதிகம். தாக்கேகவாராவில் தொடங்கலாம். 1879இல் ஏற்பட்ட குளியல் கூடம் அது, இப்போதுள்ள மரக்கட்டடம் 1938இல் கட்டியது. அங்கே மணல் குளியல் உண்டு. யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கியை உடுத்திப் படுத்தால், ஊற்றுநீரால் சூடான மணலைக் கழுத்துவரை அள்ளி மூடுவார்கள். எழுந்ததும் மணலைக் கழுவ உடையைக் களைந்தே ஆக வேண்டும். அதற்குள் பாதிக் கூச்சம் போயிருக்கும்.

அப்புறம் தெருக்களுக்குள் இருக்கும் சின்னப் பொதுக்குளியல் கூடங்கள். மாடியில் அந்தத் தெருக்காரர்கள் கூடிப் பேசும் அறை, கீழே தொட்டி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. பலவற்றில் ஷவர் கிடையாது, சோப்பும் நீங்களே கொண்டுபோக வேண்டும். தொட்டியோரம் உட்கார்ந்து வாளியால் மொண்டு ஊற்றி, உடம்பை நன்றாகக் கழுவிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். சோப்பு நுரை தொட்டியில் விழக்கூடாது, துண்டும் படக்கூடாது. தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே அலசிவிட்டுப் போங்கள். தண்ணீர் பெரும்பாலும் 42 டிகிரிக்குக் குறையாது. சூடு தாங்கவில்லையென்றாலும் குளிர்ந்த நீர்க் குழாயைக் கேட்காமல் திறக்காதீர்கள். அந்தச் சூட்டுக்காகவே வரும் பாட்டிமார் உண்டு. முதலில் சில நிமிடங்கள் போதும். தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் தொட்டியில் இறங்குவதில்லை.

கூச்சத்தைப் பற்றி நான் நம்புவதைச் சொல்கிறேன். நம் ஊரில் வளரும் பெண் பிற பெண்களின் உடம்பை உள்ளபடி பார்ப்பதே அரிது. சினிமாவும் விளம்பரமும் காட்டுவதைத்தான் பார்க்கிறாள். அதை வைத்துத் தன்னை அளந்து, தன் வயிற்றையும் தொடையையும் குற்றமாகவே நினைத்துக்கொள்கிறாள். பெப்புவின் தொட்டிகளில் அறுவைத் தழும்போடு ஒருத்தி, பிள்ளை பெற்ற வயிற்றுச் சுருக்கங்களோடு ஒருத்தி, முதுகு வளைந்த எண்பது வயதுக்காரி ஒருத்தி என்று எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். வானிலையைப் பற்றியும் காய்கறி விலையைப் பற்றியும் பேச்சு ஓடும். யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. என் உடம்போடு எனக்கு இருந்த சண்டை அங்கேதான் ஓய்ந்தது. பல்கலைக்கழகம் கற்றுத் தந்த எதற்கும் குறைவில்லாத படிப்பாகவே இதை நினைக்கிறேன். நுழையும்போது வணக்கமாக ஒரு ‘கொன்னிச்சிவா’ சொல்லுங்கள், ஜப்பானிய மொழியும் அங்கே வேகமாக வரும்.

பெப்புவிலேயே உள்ள கன்னவா பக்கம் போனால் ஊற்று நீராவியில் சர்க்கரைவள்ளியும் பூசணியும் வேகவைத்துச் சாப்பிடலாம். மியோபன் ஊற்றுகளுக்குப் போகும் நாளில் வெள்ளிக் கொலுசைக் கழற்றி அறையிலேயே வைத்துவிடுங்கள். கந்தக நீர் பட்டால் கறுத்துப்போகும்.

அன்புடன்,
அக்கா