நெல் விவசாயியான அப்பாவுக்கு ஆஸ்திரேலியாவில் எதைக் காட்டுவது?

தம்பி, நெல் விவசாயியான உங்கள் அப்பா ஜனவரியில் சிட்னிக்கு வருகிறார் என்றும், ஓப்ரா மாளிகையையும் துறைமுகப் பாலத்தையும் பார்த்து முடித்ததும் அவருக்குச் சலித்துவிடுமே, இங்குள்ள பயிரையும் கிராமத்தையும் பார்க்க எங்கே அழைத்துப்போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்மேற்கே உள்ள ரிவெரினா வட்டாரத்துக்கு அழைத்துப்போங்கள். மர்ரம்பிட்ஜி ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் லீட்டன், கிரிஃபித் ஆகிய இரண்டு ஊர்களையும் சுற்றித்தான் இந்த நாட்டின் நெல்லில் பெரும்பகுதி விளைகிறது. சிட்னியிலிருந்து கிரிஃபித் சுமார் 570 கிலோமீட்டர். நெல் விவசாயியான என் மாமனாரை ஒரு கோடையில் அங்கே அழைத்துப்போயிருந்தேன். அவர் கவனித்தவற்றைக் கொண்டே உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

வயலுக்குள் ஓர் ஆள்கூட இல்லையே என்பதுதான் அவர் முதலில் சொன்னது. நாற்றங்கால், நடவு என்ற பேச்சே இங்கு இல்லை. லேசர் கருவியால் சமன்படுத்திய அகன்ற பாத்திகளில் அக்டோபர் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை விதைக்கிறார்கள். தண்ணீர் கட்டிய வயலில் முளைகட்டிய விதையைச் சிறு விமானத்திலிருந்து தூவுவது நெடுநாள் வழக்கம். இப்போது டிராக்டரில் பூட்டிய விதைப்பு இயந்திரத்தால் காய்ந்த மண்ணில் வரிசையாக விதைத்துவிட்டுப் பின்னர் தண்ணீர் கட்டுவது பெருகிவருகிறது. அறுவடை மார்ச்சில் தொடங்கி மே வரை நீளும். அப்பா ஜனவரியில் வருவதால் விதைப்பைப் பார்க்க முடியாது என்றாலும், பச்சைப் பயிரையும், மார்ச் வரை தங்கினால் ஓர் அறுவடையையும் பார்த்துவிடலாம்.

மாமனாரை நெடுநேரம் நிறுத்திவைத்தது வயலில் நின்ற தண்ணீரின் ஆழம். வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தவர், மணிக்கட்டுக்கு மேலே நனைந்த கையைக் காட்டி, இவ்வளவு தண்ணீர் எந்தப் பயிருக்கும் தேவையில்லையே, வீணடிக்கிறார்கள் என்றார். உண்மையில் அது குளிருக்கான காப்பு. ஜனவரிக் கடைசியில், கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கையில் மகரந்தம் உருவாகத் தொடங்கும். பகலில் 40 பாகை வெயில் அடிக்கும் அந்த ஊரில், அந்த நாட்களிலும் சில இரவுகளில் வெப்பநிலை 15 பாகைக்கு அருகே இறங்கிவிடுவதுண்டு. குளிர் தாக்கினால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராகிவிடும். ஆகவே அந்தப் பருவத்தில் மட்டும் 20 முதல் 25 செண்டிமீட்டர் வரை தண்ணீரை ஏற்றி, பகல் சூட்டைத் தேக்கிவைத்த நீருக்குள் இளங்கதிர் மூழ்கியிருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். இதைக் கேட்டதும் அவர் வீண் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வேறு பத்துக் கேள்விகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அவருக்குக் கடைசிவரை செரிக்காதது தண்ணீரின் உரிமைதான். இங்கே நிலம் ஒரு சொத்து, தண்ணீர் வேறொரு சொத்து. நிலத்தை விற்காமல் தண்ணீரை மட்டும் விற்கலாம், வாங்கலாம். பரிஞ்சக், பிளவரிங் ஆகிய இரு அணைகளின் இருப்பைப் பார்த்து, ஜூலை 1 தொடங்கும் தண்ணீர் ஆண்டில், ஒவ்வொருவரும் தம் உரிமையில் எத்தனை விழுக்காட்டை எடுக்கலாம் என்று அரசு அவ்வப்போது அறிவிக்கும். பழத்தோட்டங்களும் திராட்சையும் பெரும்பாலும், இருப்பு குறைந்தாலும் முதலில் கிடைக்கும் முன்னுரிமை நீரில் நிற்க, நெல் அதற்குப் பின்னரே பங்கு கிடைக்கும் பொது உரிமை நீரை நம்பியிருக்கிறது. ஓர் எக்டேர் நெல்லுக்கு ஏறத்தாழ 12 மெகாலிட்டர், அதாவது 1.2 கோடி லிட்டர் தேவைப்படுவதால், அணையில் இருப்பு குறைந்து தண்ணீர் விலை ஏறும் ஆண்டில் நெல் விதைப்பதைவிடக் கையிலுள்ள ஒதுக்கீட்டை விற்பதே லாபம் என்று நிலத்தைச் சும்மா போடுபவர்கள் உண்டு. 2000–01இல் 16 லட்சம் டன்னைத் தொட்ட நாட்டின் நெல் விளைச்சல், பெருவறட்சியின்போது 2007–08இல் 20 ஆயிரம் டன்னுக்கும் கீழே போயிற்று. எனவே புறப்படுமுன் அந்த ஆண்டின் ஒதுக்கீடு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பாதி ஆண்டுகளில் இல்லாவிட்டாலும் சில ஆண்டுகளில் நெல்லையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

சராசரி விளைச்சல் எக்டேருக்குப் பத்து டன் அளவில் இருக்கிறது. உலகிலேயே மிக உயர்ந்த விளைச்சல்களில் இதுவும் ஒன்று. அதைக் கேட்டுப் புருவம் உயர்த்திய மாமனார், அறுவடைக்குப் பின் பல இடங்களில் வைக்கோலையும் தாளையும் வயலிலேயே கொளுத்துவார்கள் என்றதும் முகம் சுளித்தார். அதில் நானும் அவர் பக்கம்தான். இன்னொரு செய்தி அவருக்குப் பிடித்திருந்தது: அருகிவரும் பிட்டர்ன் என்ற குருகு இனம் இந்த நெல்வயல்களில் வந்து கூடு கட்டுகிறது.

கிராமம் என்று அப்பா மனத்தில் வைத்திருப்பது இங்கே கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். தெரு, திண்ணை, பக்கத்து வீடு எதுவும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் நடுவே தனியாக இருக்கிறது, அண்டை வீட்டுக்குப் போகவும் கார் வேண்டும். ஆனால் காட்டுத்தீ வந்தால் அணைக்கப் போவது அந்த விவசாயிகளே சேர்ந்த தன்னார்வத் தீயணைப்புப் படைதான்.

கடைசியாகச் சில எச்சரிக்கைகள். ஊரிலிருந்து புறப்படும்போது அப்பா ஆசையாக ஒரு பிடி விதைநெல்லைப் பையில் போட்டுக்கொள்ளக்கூடும், கட்டாயம் தடுத்துவிடுங்கள். கடந்த 30 நாட்களில் பண்ணைக்குப் போனீர்களா என்று விமான நிலையத்தில் தரும் படிவம் கேட்கும். வயலிலிருந்து நேராக வருபவர் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும், செருப்பைச் சேறு போகக் கழுவி எடுத்துவரச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகும் வேலிக்கு வெளியே நின்று, உரிமையாளரிடம் கேட்ட பின்னரே வயலில் இறங்குங்கள்; நெல் விவசாயி ஒருவர் பார்க்க வந்திருக்கிறார் என்றால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. அந்தி சாய்ந்தபின் கங்காருக்கள் சாலைக்கு வரும் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் திரும்பிவிடுங்கள்.