தனியாக கிளினிக் நடத்தும் உளவியல் ஆலோசகரிடம் முதல்முறை போகிறேன். என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

முதல் நாளில் பெரும்பாலும் கேள்விகள்தான். தூக்கம் எப்படி, என்ன மருந்து எடுக்கிறீர்கள், சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்றெல்லாம் கேட்பார்கள். கடைசிக் கேள்வி பலரிடமும் வழக்கமாகக் கேட்பதுதான். பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு அமர்வு வழக்கமாக 45 முதல் 50 நிமிடம். மருந்து வேண்டுமென்றால் பொதுவாக மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

சிகிச்சைக்குச் சம்மதம் என்று எழுதி வாங்கும் ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தையைத் துன்புறுத்துதல், நீதிமன்ற உத்தரவு. காப்பீட்டில் பணம் கோரினால் உங்கள் பிரச்சினைக்கு வைத்த பெயர் அந்த நிறுவனத்துக்கும் போகலாம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அப்புறம், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் கட்டணம் உண்டா என்றும் பாருங்கள். பல இடங்களில் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஆலோசகரின் படிப்பு, உரிமம், அனுபவம் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்லவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். பழைய வேதனையைப் பேசத் தொடங்கும்போது சில வாரம் மனம் இன்னும் கனக்கலாம். அதையும் அவரிடமே சொல்லுங்கள். மூன்று நான்கு முறை போயும் மனம் ஒட்டவில்லையா, தயங்காமல் வேறொருவரைப் பாருங்கள்.

தனி கிளினிக்கில் இரவில் ஆள் இருக்க மாட்டார்கள். நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது என்று முதல் நாளே கேட்டு, எண்ணை போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.