தாவரவியல் படித்தவர் தொலையுணர்வு வேலைக்குப் போக என்ன வழி?

கேள்வி: எம்.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காடுகளை ஆராயும் வேலைக்குப் போக விருப்பம். ஒரு தனியார் மையத்தில் ஆறு மாத ஜி.ஐ.எஸ். (கணினி வரைபடத் தொழில்நுட்பம்) சான்றிதழுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். கோடிங் தெரியாது. சேரலாமா?

பதில்: பணம் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினும் படிப்பு, ஆய்வுக்கு இலவசம். டேராடூனில் இஸ்ரோவின்கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமில்லாமல் இணைய வகுப்பு நடத்துகிறது. இவற்றைக் கொண்டு, நீங்கள் நடந்து பார்க்கக்கூடிய ஓர் இடத்துக்கு முழுமையான வரைபடம் ஒன்று செய்யுங்கள். நேர்காணலில் அதுதான் பேசும்.

நீலகிரியையோ பழனி மலையையோ எடுத்துக்கொள்ளலாம். சோலை (மலையுச்சிப் பசுமைமாறாக் காடு), புல்வெளி, சீகை (வாட்டில் என்னும் அயல் மரம்), யூகலிப்டஸ், தேயிலை ஆகியவற்றைப் படத்தில் பிரிக்க வேண்டும். என்.டி.வி.ஐ. என்னும் பசுமைக் குறியீட்டை மட்டும் நம்பினால் சோலையும் சீகையும் ஒன்றுபோலத்தான் தெரியும். நாட்டின் காட்டுப் பரப்புக் கணக்கிலும் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் விதானம் (மரத்தலைகள் மூடும் பரப்பு) 10 சதவீதத்தைத் தாண்டினால், தைலமரத் தோப்புகூடக் காடுதான். புல்வெளியைச் சீகை விழுங்கினால் படத்தில் பச்சை கூடும். அதை இழப்பு என்று கண்டுகொள்ளச் செடி தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் பட்டத்துக்கு மதிப்பு இங்கேதான்.

சென்டினல்-2 என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் போதும். நான்கு அலைவரிசைகளில் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். சிவப்பு விளிம்பு, குற்றலை அகச்சிவப்பு ஆகிய அலைவரிசைகளில் 20 மீட்டர்தான் என்றாலும் விட்டுவிடாதீர்கள். மர வகைகளைப் பிரிக்க அவை உதவும். பருவமழை மாதங்களில் மேகம் விடாது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தாழ்ந்திருப்பதால் வடக்குச் சரிவுகளில் நிழல் விழும். கணினி அதைச் சோலை என்றோ நீர்நிலை என்றோ எடுத்துக்கொள்ளும். பிப்ரவரி, மார்ச் நல்லது. புல் காய்ந்து மரத்திலிருந்து தெளிவாகப் பிரியும். தீப்பட்ட இடங்களைத் தனி வகையாகக் குறியுங்கள்.

வகை பிரிக்கக் கணினிக்குக் கற்றுத்தர, ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது 50 களப்புள்ளிகள் (நேரில் பார்த்துக் குறித்த இடங்கள்) எடுங்கள். மரத்தடியில் ஜி.பி.எஸ். பிழை 10 மீட்டர்வரை போகலாம் என்பதால், 30 மீட்டருக்கு 30 மீட்டராவது ஒரே தாவரம் நிற்கும் இடத்தின் நடுவில் நின்று பதியுங்கள். சாலையோரத்திலேயே நிறையக் கிடைக்கும். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். அருகருகே எடுத்த புள்ளிகளைக் குலுக்கிப் போட்டு, பாதியில் கணினிக்குப் பயிற்சி, பாதியில் சோதனை என்று செய்தால் 95 சதவீதத் துல்லியம் வரும். அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனால் வரைபடம் கவிழ்ந்துவிடும். ஒரு பள்ளத்தாக்கில் பயிற்சி கொடுத்து இன்னொன்றில் சோதியுங்கள். 80 வந்தாலும் அது நேர்மையான 80. மொத்தத் துல்லியத்தோடு, சீகைக்கு மட்டும் எவ்வளவு என்றும் காட்டுங்கள்.

பரப்பளவை டிகிரியில் கணக்கிடாமல், மீட்டரில் அளக்கும் யு.டி.எம். வரைபட முறைக்கு மாற்றுங்கள். அது உலகை மண்டலங்களாகப் பிரிக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாக வெட்டுகிறது: உதகையும் கொடைக்கானலும் மண்டலம் 43, மதுரையும் சென்னையும் 44.

இதற்கு வேண்டிய கோடிங் அதிகமில்லை. எர்த் எஞ்சினின் மாதிரி நிரல்களைத் திருத்தியே பழகிவிடலாம். பிறகு ஆர் என்னும் கணினி மொழியில் 'லேண்ட்ஸ்கேப்மெட்ரிக்ஸ்' தொகுப்பைக் கொண்டு சோலைத் துண்டுகளின் அளவு, விளிம்பு, இடைவெளி ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். காட்டுத் துண்டுகளின் அமைப்பை ஆராயும் நிலப்பரப்புச் சூழலியல் தொடங்குவது அங்கேதான். வகைப்படுத்திய படம் அதற்கு மூலப்பொருள். முதுமலையில் மரங்களுக்கு அடியில் படர்ந்த உண்ணிச்செடி இந்தப் படங்களில் தெரியாது என்பது போன்ற வரம்புகளையும் எழுதிவையுங்கள்.

டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், ஆனைகட்டி சலீம் அலி பறவையியல் மையம், பெங்களூரு ஏட்ரீ சூழலியல் ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் திட்டப் பணி அறிவிப்புகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நெட் அல்லது கேட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியோடு கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கேட் தேர்வில் உங்களுக்குப் பொருந்துவது சூழலியல்-பரிணாமத் தாள். எம்.டெக். சேர நினைத்தால் தாவரவியலை ஏற்கிறார்களா என்று தகுதி விதியை முதலில் பாருங்கள். பல இடங்களில் பொறியியல் பட்டம் கேட்பார்கள். விண்ணப்பத்தில் வரைபடம், நிரல், வகைவாரித் துல்லிய அட்டவணை மூன்றுக்கும் இணைப்புக் கொடுங்கள்.